மாமா என்று கூப்பிட்ட மெஷின்

லோகநாயகி கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஓட்டல் ரோபோ பேசுகிற குரல் அவளுடையது என்று நெல் மண்டி தேவநாதனுக்குத் தெரியக் கூடாது. சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை. பேப்பரில் பேர் போடச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். சத்தியம் செய்யாத குறையாக முதலாளி சரி என்றார். அந்தச் சரிக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் புஷ்பவள்ளி. சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற ரோட்டில் உள்ள ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் உட்காருகிறேன். கீழே சாப்பாட்டு ஹால், மேலே ரூம்கள், பின்பக்கம் விசேஷங்களுக்கு ஒரு ஏசி ஹால். ஓட்டலின் பேரைச் சொல்ல மாட்டேன், கேஸ் நடக்கிறது. எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலை பார்க்கிற இடத்திலும் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

லோகநாயகி மாடியில் ரூம் சுத்தம் செய்கிறவள். நாற்பதைத் தாண்டியவள், குள்ளமான உருவம், நடந்தால் சத்தமே கேட்காது. வீட்டுக்காரர் ராபர்ட்டுக்குக் கடலூர் சிப்காட்டில் காண்டிராக்ட் வேலை. அவள் பிறந்தது கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தின் காலனியில். தேவநாதனும் அதே கிராமம், ஆனால் ஊர்த்தெரு. அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் வயலில்தான் லோகநாயகியின் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். அவளை வளர்த்த தாய்மாமன் சின்னையன் இன்றும் அந்தக் காலனியில்தான் இருக்கிறார். நானும் அந்த ஊர்த்தெரு வகையறாவில் பிறந்தவள்தான். அதனால் அந்தத் தெருவின் கொழுப்பு எவ்வளவு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓட்டல் என்றால் சாப்பாடும் படுக்கையும் என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அது அடி வாங்குகிற இடம். சாம்பார் ஆறிப்போய் வந்தது என்று சர்வர் சடையப்பனை ஒரு கஸ்டமர் குடும்பத்தோடு உட்கார்ந்த இடத்திலேயே அறைந்தார். அன்றிலிருந்து சடையப்பனுக்கு இடது காது மந்தம். கதவைத் தட்டியது பிடிக்கவில்லை என்று இன்னொருவர் ஃபிளாஸ்கிலிருந்த காப்பியை லோகநாயகியின் கையில் ஊற்றினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. அந்த ஆள் ரூமைக் காலி செய்து போகும்போது எனக்குக் கும்பிடு போட்டு, சர்வீஸ் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி ஒவ்வொரு தடவையும் சொல்வது ஒன்றுதான், கஸ்டமர்கிட்ட என்ன பண்றது, விடுங்க.

முதலாளி ஞானசேகரன் திருவதிகைக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல வாய் வரவில்லை. யாரையாவது பார்த்துச் சந்தோஷம் வந்தால் உடனே ஒரு பொன்னாடை வாங்கிப் போர்த்திவிடுவார். யாராவது முறைத்தால் உடனே பின்வாங்கிவிடுவார். ரோபோ வாங்கியதும் அப்படி ஒரு சந்தோஷத்தில்தான். பெங்களூரில் ஏதோ ஓட்டலில் பார்த்துவிட்டு வந்து, நம்ம ஊருக்கும் வரணும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அது பார்ப்பதற்குச் சக்கரம் வைத்த சின்ன பீரோ மாதிரி இருந்தது. இடுப்பளவில் எவர்சில்வர் தட்டுகள், மேலே டிவி போல ஒரு முகம், அதில் சிமிட்டுகிற இரண்டு கண்கள். சமையல்கட்டிலிருந்து டேபிளுக்குத் தானே வரும். யாராவது பக்கத்தில் வந்தால் வரவேற்கும். எதிலாவது இடித்தால் வழி கேட்கும்.

வந்தவர்கள் அதைப் பார்த்த விதத்தைத் தனியாக எழுதலாம். நடராஜரைப் பார்க்க வந்த ஆந்திரக் குடும்பங்கள் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டன. பிள்ளையை யுனிவர்சிட்டியில் சேர்க்க வந்த அப்பாக்கள், பரவாயில்லை, இது டிப்ஸுக்கு நிற்காது என்றார்கள். தனியாக வந்து தங்குகிற பெண்களுக்கு அதை நிஜமாகவே பிடித்திருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கதவு இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்க்காமல் போகிற ஒரு ஆளை அவர்கள் அதுவரை எந்த ஓட்டலிலும் பார்த்ததில்லை. சிப்காட் கம்பெனிகளுக்கு வருகிற என்ஜினீயர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இதற்குச் சங்கம் கிடையாது, லீவு கிடையாது என்று சடையப்பன் காதில் படும்படி பேசினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கோபம். எங்கள் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால் எடுத்து வைக்க ஒருவர் நிற்க வேண்டும், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்க வேண்டும். தட்டை நாங்களே எடுத்துக்கணுமா, இது என்ன ரேஷன் கடையா என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள்.

அடிக்கிற கை சும்மா இருக்குமா? குடித்துவிட்டு வந்த ஒருவர் வழியை மறித்து நின்று அதை எட்டி எட்டி உதைத்தார். காலேஜ் பையன்கள் அதன் கண்ணில் காரச் சட்னியைத் தடவி வீடியோ எடுத்தார்கள். ஒரு பெரிய மனிதர் போகிற போக்கில் அதன் மண்டையில் ஓங்கி ஒரு குட்டு வைத்துவிட்டு, வலிக்குதா என்று கேட்டார். ஒருவர் சூடான காப்பியை அதன் முகத்தில் ஊற்றினார். காப்பி ஊற்றுகிறவர்களுக்கு ஊற்றுவதற்கு ஏதோ ஒரு முகம் வேண்டும் போலிருக்கிறது. சடையப்பன் என்னிடம் வந்து, அக்கா, நம்ம அடிக்கு மாத்தாளு வந்துடுச்சி என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை நீளுகிற பழக்கம் ஆளை மாற்றிக்கொண்டதே தவிர குறையவில்லை.

அதன் குரல்தான் முதலில் எல்லோருக்கும் கேலியாக இருந்தது. கம்பெனி போட்டு அனுப்பிய குரல், நியூஸ் வாசிக்கிற பெண் மாதிரி, தங்கள் வருகைக்கு நன்றி என்று பேசியது. அதைக் கேட்டு ஹாலே சிரிக்கும். முதலாளிக்கு மானம் போனது. நம்ம பக்கத்துப் பேச்சில் ஒரு பெண் குரல் வேண்டும் என்று என்னைப் பேசச் சொன்னார். என் குரல் பஸ் கண்டக்டர் குரல். பதிவதற்கு முதலாளி வெளியிலிருந்து கூட்டி வந்த ஆள் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டான். அப்போது மாடி வராண்டாவில் லோகநாயகி யாரிடமோ துவைத்த பெட்ஷீட் வந்துவிட்டதா என்று கேட்டாள். முதலாளி அப்படியே மேலே பார்த்தார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்ல? கேட்டால் பசிக்கும். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெட்ஷீட் அடுக்கி வைக்கிற ரூமில் அவளை உட்கார வைத்து, வீட்டுக்கு வந்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடச் சொன்னார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. உனக்கு ரொம்பப் பிடித்த ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "வாங்க மாமா, ஒக்காருங்க. நல்லா சாப்புடுங்க" என்றாள். அவளுடைய மாமன் சின்னையனை நினைத்துச் சொன்னது அது. பெண்களுக்கு அத்தை, இடித்தால் "கொஞ்சம் வழி உடுங்க மாமா." பதிகிறவன் தலையாட்டினான். முதலாளி கைதட்டினார்.

இங்கே மாமா என்பது எல்லோரையும் கூப்பிடுகிற சொல் கிடையாது. பெண் கொடுத்து எடுக்கிற முறை உள்ளவரைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். மற்றவர் எல்லாம் அண்ணன், ஐயா, சார். லோகநாயகி பிறந்த ஊரில் அவள் சனம் தேவநாதன் தெருக்காரர்களைச் சாமி என்றுதான் இன்றைக்கும் கூப்பிட வேண்டும். அண்ணா என்று கூப்பிட்டாலே அங்கே செருப்பு பறக்கும். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் பதிந்து முடித்த கையோடு முதலாளியிடம் அந்த ஒன்றைக் கேட்டாள். தேவநாதன் எங்கள் ஓட்டலுக்கு வாரா வாரம் வருகிற கஸ்டமர்.

புதுக் குரல் வந்ததும் ஹால் தலைகீழாக மாறியது. மாமா என்று கூப்பிட்டதும் பெரிய பெரிய மீசைகளெல்லாம் குழைந்தன. எடுத்து வைக்க ஆள் இல்லையா என்று கத்தினவர்கள் தட்டைத் தாங்களே எடுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு ரோஸ்ட் கொண்டு வாடி மருமவளே என்றார்கள். ரோபோவுக்கு மருமவள் என்றே பேர் நின்றுவிட்டது. அதை உதைப்பதுகூடக் குறைந்தது. மாமா என்று கூப்பிடுகிற ஒன்றை உதைக்கக் கால் கூசியிருக்கும்.

எல்லோரையும்விடத் தேவநாதன்தான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வரும்போதே பூக்கடையில் மல்லிகை வாங்கி வந்து அதன் கழுத்தில் சுற்றுவார். சாப்பிட்டு முடிக்கிற வரை அதோடுதான் பேச்சு. மண்டியில் ஆட்கள் சரியில்லை, மழை சரியில்லை, எல்லாவற்றையும் அதனிடம் சொல்வார். எனக்கு ஒரு பையன் மட்டும் இருந்திருந்தால் உன்னைத்தான்டி கட்டி வைத்திருப்பேன் என்பார். படியில் பக்கெட்டோடு இறங்குகிற லோகநாயகி அவரைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். அவர் அவளைத் தாண்டிப் போவார். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அவர் இருக்கிற நேரத்தில் அவள் வாயே திறக்க மாட்டாள். ஏதாவது கேட்டால் என்னிடமும் கையைக் காட்டித்தான் பேசுவாள்.

ஆவணியில் தேவநாதன் மகளுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் ஏசி ஹாலில் காலையில் விசேஷம். மாப்பிள்ளை வீட்டார் பண்ருட்டிப் பக்கம், நல்ல வசதி. வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டுத் தட்டோடு மருமவள்தான் நிற்க வேண்டும் என்று தேவநாதன் அடம் பிடித்தார். அதற்குப் பட்டுப் பாவாடை கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கியதும், வாங்க மாமா, வாங்க அத்த, ஒக்காருங்க என்று கூப்பிட்டது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் அதன் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். தேவநாதனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஞானசேகரனுக்கும் பாவவில்லை. அதுதான் வினை. தட்டு மாற்றி முடித்து எல்லோரும் கலகலப்பாக இருந்தபோது மைக்கைக் கையில் எடுத்தார். மேடைக்குப் பின்னால் தண்ணீர் கொட்டிவிட்டது, வரச் சொல் என்று சடையப்பனை அனுப்பி லோகநாயகியைக் கூப்பிட்டார். அவள் துடைப்பதற்கு மாப்போடு வந்து நின்றாள். அவர் அவளை மேடைக்கு இழுத்து, பையிலிருந்து பச்சைப் பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார். "மருமவ மருமவன்னு எல்லாரும் கொஞ்சுனீங்களே, அது இவுங்க கொரல்தான்" என்றார். தேவநாதனைப் பார்த்துத்தான் சொன்னார், அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து. லோகநாயகியிடம் கொடுத்த வாக்கு அவர் நினைவிலேயே இல்லை. தன் ஊரில் மாமா என்ற சொல்லுக்கு என்ன விலை என்று தெரிந்த மனிதர், மெஷினுக்குள் போட்டுவிட்டால் அந்த விலை கழிந்துவிடும் என்று நினைத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். தேவநாதன் தெருக்காரர் ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்து எழுந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது காலனி சின்னையன் அக்கா மவ இல்ல?" என்றார். கைதட்டல் நின்றது. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் யாரோ ஒருவன், "அப்ப சம்பந்திக்கு அந்தத் தெருவுலயும் சம்பந்தம் இருக்குது" என்றான். ஹால் முழுக்கச் சிரித்தது. தேவநாதன் மகள் மேடையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

தேவநாதன் நேராக லோகநாயகியிடம் போகவில்லை. முதலில் வாசலுக்குத்தான் போனார். இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றை மடக்கித் தூக்கி ரோபோவின் முகத்தில் ஓங்கி அடித்தார். கண்ணாடி உடைந்து ஒரு கண் அணைந்தது. அது பின்னால் உருண்டு சுவரில் இடித்து, கொஞ்சம் வழி உடுங்க மாமா என்றது. மறுபடி அடித்தார். வாங்க மாமா, ஒக்காருங்க என்றது. அடிக்க அடிக்க அவர் கிட்டே போனார். கிட்டே போகப் போக அது மாமா என்றது. பட்டுப் பாவாடை கிழிந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நாற்காலி வளைந்துபோனதும் கல்கண்டுத் தட்டு வைத்திருந்த ஸ்டூலால் அடித்தார். சனம் மொத்தமும் ஃபோனை எடுத்து அதைப் படம் பிடித்தது. கீழே சாய்ந்த பிறகும் நல்லா சாப்புடுங்க என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் அடங்கியது.

அடங்கியதும் அவருக்கு வெறி ஏறியது. அதன் இடுப்பிலிருந்த எவர்சில்வர் தட்டை உதைத்துப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பினார்.

அதற்குள் அவருடைய மச்சான் லோகநாயகியின் கொண்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தியிருந்தான். அவள் ஓடப் பார்க்கவில்லை, ஓட இடமும் இல்லை. தேவநாதன் தட்டின் விளிம்பால் அவள் வாயிலேயே அடித்தார். "இனிமே மாமான்னு கூப்புடுவியா?" என்றார். அவள் அலறினாள். நான் ஓட்டலில் எத்தனையோ அழுகை கேட்டிருக்கிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அந்த இனிமையான குரல் அப்படியே கிழிந்து வெளியில் வந்தது. "கூப்புடுவியா?" என்று மறுபடி அடித்தார். மறுபடி அலறினாள். பல் இரண்டு பொன்னாடையில் விழுந்தது. தாடை ஒரு பக்கம் தொங்கியது. ஃபோன்கள் எல்லாம் கீழே கிடந்த ரோபோவைப் பார்த்தபடியே இருந்தன. இந்தப் பக்கம் திருப்பிய ஒன்றிரண்டு பேரின் கையையும் அவர் பங்காளிகள் தட்டிவிட்டார்கள்.

பந்திக்கு எடுத்து வைத்திருந்த ரசவாளி என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. தூக்கித் தேவநாதன் மேல் ஊற்றினேன், கழுத்திலிருந்து கை வரை. அவர் தட்டைப் போட்டுவிட்டுக் கத்தினார். மச்சான் லோகநாயகியை விட்டுவிட்டு என்னை அடித்துத் தள்ளினான். விழுந்ததில் என் மணிக்கட்டு உடைந்தது. இன்னொரு வாளி கிடைத்திருந்தால் அதையும் ஊற்றியிருப்பேன். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அன்று மாலையே காலனிக்குள் ஆட்கள் புகுந்தார்கள். சின்னையன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை உடைத்து நொறுக்கினார்கள், வண்டியை வாய்க்காலில் தள்ளினார்கள். மருமகளை எங்களை மாமான்னு கூப்பிட வளர்த்தவன் என்று சொல்லிச் சொல்லி அவர் முட்டியில் கட்டையால் அடித்தார்கள். அவரும் லோகநாயகி கிடந்த அதே பெரியாஸ்பத்திரிக்குத்தான் வந்து சேர்ந்தார், அவள் மாடியில், அவர் கீழே.

வீடியோ அதற்குள் நாடெல்லாம் சுற்றிவிட்டது. ரோபோவை ஒரு ஆள் அடிக்கிறான், அது ஒவ்வொரு அடிக்கும் மாமா என்கிறது. பார்த்தவர்கள் உருகிவிட்டார்கள். பாவம் அந்த மெஷின், மனிதனைவிட மெஷின் மேல், இதற்கு மனசாட்சி இருந்தால் என்ன நினைக்கும் என்று எழுதித் தள்ளினார்கள். வீடியோவில் கடைசியில் ரோபோ தரையில் கிடக்கிறது. இனிமே மாமான்னு கூப்புடுவியா என்று தேவநாதன் குரல் கேட்கிறது. பிறகு அந்த அலறல், இரண்டு தடவை. ஆள் யாரும் தெரியவில்லை. குரல் அதே குரல். மெஷின் அழுகிறது என்று நினைத்து ஊரே அழுதது. ரூம் எடுக்க வந்த ஒரு அம்மாள் உடைந்த ரோபோவின் மேல் ரோஜாப்பூ வைத்துவிட்டு, "அதுக்கு வலிச்சிருக்கும் இல்ல மேடம்?" என்று என்னிடம் கேட்டார். ஆஸ்பத்திரி பேரையும் வார்டையும் சொல்லி, நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தேவநாதனின் வக்கீல் அந்த அழுகையைத்தான் பிடித்துக்கொண்டார். என் கட்சிக்காரர் கோபத்தில் ஒரு மெஷினை அடித்தார், அதற்கான நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறார். கூப்புடுவியா என்று கேட்டதும் மெஷினைத்தான், அழுததும் மெஷின்தான். மெஷின் சாய்ந்தபோது தட்டு தெறித்து அந்தப் பெண் முகத்தில் பட்டிருக்கலாம், அது விபத்து. மெஷினை அடித்தால் சாதாரணச் சொத்துச் சேத வழக்கு. லோகநாயகியை அடித்தால் வன்கொடுமைச் சட்டம், உள்ளே போக வேண்டும். அதனால் அழுதது யார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் அவர் சொந்தம், இல்லையென்றால் சம்பந்தி வீட்டார், ரோபோவை அடித்ததை மட்டும்தான் பார்த்தார்களாம். சர்வர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லையாம், சடையப்பன் உட்பட. நான் பார்த்தேன் என்றால், ரசம் ஊற்றிய கேஸில் நீயே குற்றவாளி, உன் சாட்சி எதற்கு என்றார்கள். நீ நம்ம பொண்ணு, உனக்கு எதற்கு இந்த வேலை என்று என் சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று ஏசிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

அந்தக் குரல் தன்னுடையது என்று தெரியக் கூடாது என்று ஒளிந்து நடந்தவளுக்கு, இப்போது அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அவளால் பேச முடியவில்லை. தாடையை அசைக்கவே கூடாது, ஆபரேஷன் வரைக்கும் வாயைத் திறந்தால் எலும்பு இன்னும் விலகிவிடும் என்று டாக்டர் சொல்லி, மோவாயிலிருந்து உச்சந்தலை வரை கட்டுப் போட்டிருந்தார். நான் வார்டுக்குப் போகும்போதெல்லாம் என் ஃபோனைக் காட்டுவாள், பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள். எனக்குத் தெரியும்டி என்பேன். எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஒருநாள் பகலில் டி.எஸ்.பி. வார்டுக்கு வந்தார். கூட ரைட்டர், நர்ஸ், ஞானசேகரன். ராபர்ட் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார். டி.எஸ்.பி. மோசமான ஆளாகத் தெரியவில்லை. கேட்க வேண்டியதை நேராகவே கேட்டார். ரோபோவுக்குள் குரலைப் பதிந்து போட்டது ஓட்டல்தான், கம்பெனிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, மெஷினோ சுக்குநூறாகிவிட்டது, அதனால் உங்கள் வார்த்தைதான் முக்கியம் என்று முதலாளியிடம் சொன்னார். மெஷினுக்குள் அழுகை மாதிரி ஏதாவது சத்தம் இருந்ததா என்று கேட்டார்.

ஞானசேகரன் லோகநாயகியைப் பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "இருந்துச்சி சார். எதுலயாவது மாட்டிக்கிட்டா அழுவுற மாதிரி ஒரு சத்தம் போட்டு வெச்சிருந்தோம்" என்றார்.

முந்தின நாள் மண்டிக்காரர்கள் கூட்டமாக வந்து அவரோடு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துவிட்டுப் போனதை நான் பார்த்திருந்தேன். அவர்கள் முறைத்திருப்பார்கள், இவர் பின்வாங்கியிருப்பார். பொய் என்று நான் கத்தினேன். ராபர்ட் கட்டிலைச் சுற்றி வந்து முதலாளியின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். முகத்தில் ஒன்று விட்டார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கான்ஸ்டபிள் ஓடிவந்து ராபர்ட்டின் கையை முறுக்கிப் பின்னால் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

லோகநாயகி கட்டிலில் தட்டினாள். எல்லோரும் திரும்பினோம். அவள் டி.எஸ்.பி.யின் ஃபோனைக் காட்டி, போடுங்கள் என்று கையால் சொன்னாள். அவருக்கு முதலில் புரியவில்லை. நான் எடுத்துச் சொன்னதும் அந்த வீடியோவைப் போட்டார். நாற்காலி விழுகிற சத்தம், மாமா மாமா என்று அந்தக் குரல், சனத்தின் இரைச்சல். லோகநாயகி உட்கார்ந்தபடியே தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கட்டின் முடிச்சை அவிழ்த்தாள். நர்ஸ் வேண்டாம் என்று சொல்வதற்குள் துணி முழுக்க மடியில் வந்து விழுந்துவிட்டது. முகம் ஒரு பக்கமாகக் கறுத்து வீங்கி, அவள் முகமாகவே இல்லை.

ஃபோனில் தேவநாதன், இனிமே மாமான்னு கூப்புடுவியா என்றார். லோகநாயகி இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்து இழுத்து வாயைத் திறந்தாள்.

நடிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. ஃபோனிலிருந்து வந்த அலறலும் கட்டிலிலிருந்து வந்த அலறலும் ஒன்றாக எழுந்தன. எது எங்கிருந்து வருகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கான்ஸ்டபிள் ராபர்ட்டின் கையை விட்டுவிட்டார். முதலாளி மூக்கைப் பொத்திய கையை எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டார். கூப்புடுவியா என்று இரண்டாவது முறை ஃபோன் கேட்டது. போதும்டி என்று நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, மறுபடியும் இழுத்துத் திறந்தாள். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

டி.எஸ்.பி. ஃபோனை நிறுத்தினார். அழுகை நிற்கவில்லை.